கதிரிலே முளைத்த நெல்

அருப்புக்கோட்டை
2.2.1968

அன்புத் தங்கை தங்கத்தாய்க்கு, அண்ணன் ஐயாத்துரை எழுதுவது. இங்கே யாவரும் சுகம்.

உங்கள் களத்தில் அன்று அடித்த நெல்லை ஈரத்துணியில் கட்டிக் கொண்டுவந்தேன் அல்லவா? ஒரு வாரமாகியும் ஒரு மணி முளைக்கவில்லை. என் விதைக்கடையில் விற்கும் புது ரக நெல் மூன்றாம் நாளே முளைவிட்டது. உன்னுடையது செத்த விதை. மச்சான் நல்லமுத்து, "அது ஒறங்குது, கோடை கழிஞ்சா முளைக்கும்" என்கிறார். உறங்குவதற்கு நெல் என்ன கைப்பிள்ளையா? இருப்பதையெல்லாம் அவித்துச் சாப்பிடுங்கள். விதைக்கு என் கடை நெல் தருகிறேன். அடுத்த தையில் என் மகன் இன்பராஜுக்கு உன் மகள் கஸ்தூரியைத் தரப்போகிறாய். உனக்குக் கெடுதல் சொல்வேனா?

அன்புள்ள அண்ணன்,
ஐயாத்துரை

நரிக்குடி
27.12.1968

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தங்கத்தாய் வணக்கம்.

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அறுக்கிற நேரத்தில் அடைமழை. நீங்கள் விதைக்குத் தந்த நெல் சாய்ந்த கதிரிலேயே முளைத்துவிட்டது. தூக்கினால் சாக்கடையில் அள்ளிய தலைமுடி மாதிரி வெள்ளை வேரும் கொழகொழப்புமாக வருகிறது. அந்த நாற்றத்தில் வரப்பிலேயே வாந்தி எடுத்தேன். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

பக்கத்து வயல் மூக்கம்மாள் அக்கா, நாங்கள் முன்பு போட்ட அதே பழைய ரக நெல்தான் போட்டிருந்தாள். அதே தண்ணீரில்தான் கிடந்தது, ஒரு மணி முளைக்கவில்லை. அலசிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். "மழை முடியுற மட்டும் ஒறங்குற நெல்லு தாயி இது. அடிச்ச சூட்டோட முளைக்காது. வெதைக்கடை வச்சிருக்குற ஒங்க அண்ணனுக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்திருக்காது என்று உங்களுக்காகச் சண்டை போட்டேன். இப்போது சோற்றுக்கும் இல்லை, விதைக்கும் இல்லை. கல்யாணத்தை எப்படி நடத்துவது?

தங்கை,
தங்கத்தாய்

அருப்புக்கோட்டை
3.1.1969

அன்புத் தங்கைக்கு,

இதற்கெல்லாமா அழுவது? முளைத்ததை நன்றாகக் காயவைத்து, நல்ல நெல்லோடு கலந்து அவல் இடிக்கிறவர்களிடம் தள்ளிவிடு. கலந்தால் யாருக்குத் தெரியும்?

விதைக்குக் கவலைப்படாதே. பாலவனத்தத்தில் என் வயலில் அந்தப் பழைய ரக நெல்தான், நன்றாக நிற்கிறது. வீட்டுக்கு எப்போதும் அதைத்தான் விதைப்பேன். மழையில் அறுப்பு வருகிற வயலுக்கு அதுதானே தாங்கும். கடையில் விற்கிற சரக்கு வேறு, வியாபாரம் என்றால் அப்படித்தான். ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

அண்ணன்,
ஐயாத்துரை

நரிக்குடி
8.1.1969

ஐயாத்துரை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் வாசிக்க, அவரும் கஸ்தூரியும் கேட்டார்கள். உங்களுக்காகச் சண்டை போட்ட வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். அந்தக் கொழகொழத்த நெல்லை அள்ளியபோதுகூட எனக்கு இத்தனை அருவருப்பு வரவில்லை.

அதை யார் தலையிலும் கட்டவில்லை. குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். விதை மூக்கம்மாள் அக்கா தருகிறாள். உங்கள் மூட்டை வந்தால் பஸ்ஸிலிருந்து இறக்க மாட்டோம்.

கஸ்தூரி, "அந்த வீட்டுல போயி எப்படிம்மா சோறு திங்கிறது?" என்று கேட்டாள். இன்பராஜ் மேல் குற்றமில்லை. ஆனாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

பொங்கலுக்குச் சீர் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வராதீர்கள். பிறந்த வீட்டுச் சீர் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்பார்கள். அண்ணன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

நல்லமுத்து மனைவி,
தங்கத்தாய்