துளை போட்டால்தான் மீன் காட்டும் உருண்டை

உர்ப்போ,

மீன் சூப் அடுப்பின் மேல். கறுப்பு ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் கொடுத்த இரண்டு மீன்காட்டிக் கருவிகளில், பெரிய திரை உள்ளதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போகிறேன். கத்தாதே. அதில் படம் தெளிவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் நேற்று ஏரியில் உறைந்த பனிமேல் தண்ணீர் ஊற்றி அதை வைத்துப் பார்த்துவிட்டு, "அடியில இருக்கிற மீன் அப்படியே தெரியுது தெல்லெர்வோ, இனிமே துளை போடுற வேலை மிச்சம்" என்றாயே, அதனால்தான் திருப்பிக் கொடுக்கிறேன். துளை போடாமல் பனியின் கனம் உனக்கு எப்படித் தெரியும்? போன வசந்தத்தில் உன் தம்பி அர்மாஸும் துளை போட்டுப் பார்க்காமல் நடந்துதானே பனி உடைந்து ஏரிக்குள் போனான்.

மேசைமேல் இருக்கும் மற்றது, அந்த உருண்டை, போதும். கோடையில் படகோரம் கட்டி மிதக்கவிடு. பனிக்காலத்தில் துளை போட்டுத் தண்ணீரில் இறக்கினால்தான் அது மீன் காட்டும். அதற்காகவே அதை எடுத்தேன்.

"பயந்தாங்கொள்ளி" என்றாய். இருந்துவிட்டுப் போகிறேன்.

– தெல்லெர்வோ

பி.கு. துளைபோடும் திருகு படகுக் கொட்டகையில் இருக்கிறது, அலகைத் தீட்டிவிட்டேன். கரையோரமே முதல் துளையைப் போடு. பனி உள்ளங்கை அகலத்துக்குக் கனமாக இல்லையென்றால் அப்படியே திரும்பி வா. சூப்பைச் சேர்ந்தே குடிக்கலாம்.