ஏலக்காய்க் கிட்டங்கிச் சுவர்

அக்கா, இங்கே ராசிங்காபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறுகிறது. உங்கள் ரத்தம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

போடியில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் உங்கள் கிட்டங்கியின் தெருப்பக்கச் சுவரில் படம் வரையக் கூப்பிட்டீர்கள். என்ன படம் என்று கேட்டேன்.

"செவரு ஒன்னோடது, அப்பு. நீ முடிக்கிற வரைக்கும் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே பின்வாசல் வழியாகத்தான் வந்து போனீர்கள்.

நான் வரைந்தது மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப்பை. ஏலக்காய் எடுக்கப் போன பெண்கள் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தார்கள். என் சித்தி அப்படித்தான் செத்தாள்.

ஒரு முகம் மட்டும் பாக்கியிருந்தபோது, அந்த ஜீப்பு முதலாளியின் ஆட்கள் இரும்புக் கம்பியும் சுண்ணாம்பு வாளியுமாக வந்தார்கள். சாரத்தை உதைத்துச் சாய்த்தார்கள். கீழே விழுந்த என் வயிற்றில் மிதித்தார்கள். சத்தம் கேட்டு, மூட்டை தூக்கும் கொக்கியோடு ஓடி வந்தீர்கள்.

"எங்க மொதலாளியக் கேவலப்படுத்தத்தான இதப் போடச் சொன்னீக?" என்று ஒருவன் கத்தினான்.

"படம் அவனோடது. வாளியில கைய வச்சுப் பாரு, கொடல உருவிருவேன்!"

வைத்தான். கொக்கி அவன் தோளில் இறங்கியது. அடுத்தவன் வீசிய கம்பி உங்கள் முழங்கையை நொறுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் ரத்தம் வழிய வழியச் சுவரை மறித்து நின்றீர்கள், படத்தைத் திரும்பிப் பார்க்காமலே. லோடு ஏற்றும் ஆட்கள் வந்து அவர்களை அடித்து விரட்டிய பிறகுதான் தரையில் உட்கார்ந்தீர்கள்.

மிச்ச முகத்தையும் முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். கையில் மாவுக்கட்டோடு வந்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"எனக்குப் புடிக்கல, அப்பு. ஏவாரம் பண்ற எடத்துல இம்புட்டுப் பொணமா?"

நான் தூரிகையை எடுத்தேன். "அழிச்சிர்றேன்க்கா. வேற போடுறேன்."

"அழிச்சுப் பாரு, ஒன் கைய ஒடைக்கிறேன். எனக்குப் புடிச்சதத்தான் போடணும்னா ஒன்னைய எதுக்குக் கூப்புடுறேன்?"

உங்கள் கை அதன்பிறகு நிமிரவே இல்லை. போன மாதம் நீங்கள் இறந்து, உங்களைக் குளிப்பாட்டியபோதும் மடங்கியே கிடந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். நான் தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

இப்போது என்னோடு இரண்டு ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போடுவது பல நேரம் எனக்குப் பிடிப்பதில்லை. மாற்றச் சொல்ல வாய் துறுதுறுக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். நேற்று, எங்களுக்கு வேலை கொடுத்தவர் வந்து, அவர்கள் வரைந்ததைச் சுரண்டச் சொல்லிக் கத்தினார். சுரண்டியையும் அவரே எடுத்தார். அவர் சொன்ன குறை எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனாலும் சட்டையைப் பிடித்து அவரை வெளியே தள்ளினேன், அக்கா.