தம்பிக்கு வைத்த இலை

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

திருப்பத்தூர் காலேஜில் படிக்கும் பேத்தி செல்வி சனி ஞாயிறு லீவுக்கு வந்திருக்கிறாள். நாளைக்கு அங்கே எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பாம். என் மகன் கோவிந்தன் குதித்தான். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு அந்தப் பாடம்? நாளைக்கிப் போகாத."

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "ஒரே எலையில சாப்ட்டா ஒட்டிக்குமா?" என்றேன்.

"ஒட்டாது ஆயா. தொட்டாலும் ஒட்டாது. ரத்தம், ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடறது, ஆணுறை இல்லாத உறவு, இதுலல்லாம் வரும். வந்தாலும் இப்ப மாத்திரை இருக்குது."

லாரி ஓட்டிய என் தம்பிக்கு அந்த நோய்தான். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அவனைக் கோயில் பந்தியில் உட்கார விடவில்லை. தனியாகப் புளியமரத்தடியில் தையல் இலை போட்டுச் சாமைச்சோறு வைத்தார்கள். அந்தக் கவுண்டரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

"கோவிந்தா, அன்னிக்கி மாமன் மடியில குந்திக்கினு அதே எலையில துன்னது யாரு? நீதான்டா."

படுக்கப் போகும்போது கோவிந்தன், "காலைல திருப்பத்தூர் ஜீப்பு எத்தினி மணிக்கி செல்வி?" என்று கேட்டான்.

அந்த மாத்திரை எப்போது வந்தது? தம்பி போன பிறகா, முன்னாடியேவா? அவள் ஜீப் ஏறுவதற்குள் கேட்க வேண்டும்.