சூட்டில் பார்த்தது

மார்ச் 4
அந்த வெள்ளை எலக்ட்ரிக் கார் மூன்றாம் முறையாக எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. 'இன்சுலேஷன் பழுது' என்று திரையில் காட்டிவிட்டு நடுரோட்டில் நின்றுவிடுகிறதாம். மின்கசிவைக் காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தால் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஃபோர்மேன் — அக்காவின் கணவர், எனக்கு மாமா — எச்சரிக்கையை அழித்துவிட்டு அனுப்பச் சொன்னார். முடியாது என்றேன். அவர் எறிந்த ஸ்பேனர் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. எல்லோரும் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

மார்ச் 5
ஆறிய மோட்டாரில் அளந்தால் எப்படித் தெரியும்? மாமா வெளியே போனதும் காரை ஓட்டிச் சூடேற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, கையோடு அளந்தேன். நூற்றுக்கணக்கில் இருந்த மெகாஓம் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது; மின்சாரம் கசிகிறது. பிரித்தால், மோட்டார் தண்டின் சீல் வழியாகக் கூலன்ட், அந்தக் குளிர்விக்கும் திரவம், கசிந்து கம்பிச்சுருளெல்லாம் ஈரம். மாமாவிடம் காட்டினேன். ஸ்பேனரைக்கூட எறியாமல் நேரே வீட்டுக்குக் கிளம்பினார். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 6
என்மேல் இருந்த ஆத்திரத்தை அக்காமேல் தீர்த்துக்கொண்டான். இனி அவனுக்கு 'ர்' மரியாதை கிடையாது. அவளுக்கு ஒரு பல் போய்விட்டது. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அம்மாவும் நம்புகிறாள். "நான் போறப்பெல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?" என்கிறாள். அவள் போவது ஞாயிறு காலையில் — அப்போது அவன் வாயெல்லாம் பல்.
அவன் மண்டையைப் பிளக்கணும்.

மார்ச் 8
இரண்டு முறை எச்சரிக்கையை அழித்தனுப்பியது தெரிந்து, கார்க்காரர் எல்லோர் முன்னாலும் அவனைக் கிழிகிழியென்று கிழித்தார். கொதித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பினான். நான் முந்திக்கொண்டு அம்மாவை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.
நாங்கள் உள்ளறையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்காவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பாய்ந்து வந்த அம்மாவுக்கு வயிற்றில் உதை. இரும்பு வாணலியால் அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.
அம்மா தரையில் கிடந்தபடியே அக்காவிடம், "துணிய எடுத்துக்கடி. கிளம்பு" என்றாள்.
அம்மா கண்ணால பாக்கணும்னு அக்காவை மோதவிட்டது நானா? சூடேத்திப் பாக்க அவ என்ன மோட்டாரா?

மார்ச் 11
முதலாளி அவனை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார். என்னையும்தான். குடும்பச் சண்டை கடைக்குள் வேண்டாமாம்.

மார்ச் 23
கையில் கட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான். நான் எழுந்தேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அக்காவே போய்க் கதவைத் திறந்தாள்.
"இன்னொரு கை இருக்குல்ல? அது வேணும்னா போயிடு."
போய்விட்டான். உள்ளே வந்தவள், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போட்டதற்காக என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் என்னைத் திட்டி எத்தனை வருஷமாயிற்று.