இடக்கைக்கு நாற்பத்தொரு நொடி

அன்பிற்குரிய இல்லாளுக்கு,

இறையருள் உன்னையும் பிள்ளைகளையும் காக்க. உன் முழங்கால் வலி தணிந்ததா?

பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் முடங்கியவர்களுக்கான ஆய்வுக்கூடத்தில் நான் நேரம் குறிப்பவன் என்பதை நீ அறிவாய். ஒன்பது முளைகளைத் துளைகளில் பொருத்த அவர்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுவேன். ஒப்பிட்டுப் பார்க்க, குறையற்ற முதியவர் ஒருவர் தேவைப்பட்டார். பெருமிதத்தோடு அமர்ந்தேன். வலக்கைக்கு இருபத்திரண்டு நொடி, இடக்கைக்கு நாற்பத்தொன்று.

“கடிகாரம் கெட்டுப்போச்சும்மா,” என்றேன்.

“கடிகாரம் நல்லாத்தான் ஓடுது ஐயா. உங்க கைதான்...” என்று பயிற்சியளிக்கும் பெண் நிறுத்திக்கொண்டாள்.

சக்கர நாற்காலியிலிருந்த லாரி ஓட்டுநர் சிரித்தார். “வாங்க பெரியவரே! எங்களை அந்த விரட்டு விரட்டுனீங்க, இப்ப எங்க கட்சிக்கே வந்துட்டீங்க!”

நானும் சிரித்தேன். தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சென்ற ஆண்டே சிறு பக்கவாதம் ஒன்று வந்து போயிருக்கிறதாம். அஞ்சாதே, மருந்து தொடங்கிவிட்டார்கள், கை தேறுமாம். ஆயினும் திகைப்பு அடங்கவில்லை. ஐம்பொறிகளை ஆள்வது பற்றி ஆயிரம் பாடல் ஓதியவன், ஐந்து விரல்கள் தளர்ந்ததை அறியவில்லையே!

சென்ற ஆண்டு பூசையில் என் இடக்கையிலிருந்து மணி இருமுறை விழுந்தது. எண்ணெய்க் கையோடு நீ தொட்டதால்தான் என்று கடிந்தேன். நீ அதைத் துலக்கி வைத்தாய். பிழை உன்னுடையதன்று, பொறுத்தருள்.

பொத்தானுக்குப் பதில் நாடா தைத்த சட்டை இரண்டு அனுப்பு. அந்த மணியும் வேண்டும், இடக்கைப் பயிற்சிக்கு. துலக்காதே, உன் கை பட்டபடியே வரட்டும்.

பயிற்சிக்கு அழைக்கிறார்கள். முடிக்கிறேன்.

உன் கணவன்