அப்பாவுக்கு நீ எடுத்த காலர்

மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்பது அக்காவுக்கு நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது, கன்னம் உப்பியிருக்கிறது. இங்கே நானும் அக்காவும் நலம். அப்பா நலம் என்று நேற்று மதியம் வரைக்கும் என்னால் எழுத முடியவில்லை, இப்போது முடிகிறது. அவர் கழுத்துத் துவாரத்துக்குள்ளிருந்து எடுத்தது துணியின் பஞ்சும் சளியும் சேர்ந்து காய்ந்துபோன அடைப்பு, வேறு ஒன்றும் இல்லை, பழைய கட்டி திரும்பவில்லை என்று தொண்டை டாக்டரம்மா நேற்று மதியம் என்னிடம் நேரில் சொன்னார். அதை ஒரு சின்னத் தட்டில் வைத்துக் காட்டினார். சிவப்பும் கறுப்புமாக நூல் நூலாகத் தெரிந்தது. நம் வீட்டில் சிவப்பும் கறுப்புமாக இருக்கிற துணி ஒன்றே ஒன்றுதான், நீ அனுப்பிய சட்டை.

பார்சல் போன வாரம் வந்தது. கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமையில்லாமல் அப்பா வண்டிச் சாவியால் கிழித்தார். மூன்று சட்டை. முதலாவது சிவப்புக் கறுப்புக் கட்டம், பூனைக்குட்டி முதுகு மாதிரி பொசுபொசுவென்று இழை எழும்பின கனத்த பருத்தி, கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டைக் காலர். இரண்டாவது கருநீலம், காலரின் இரண்டு முனையையும் பட்டன் போட்டு இழுத்துப் பிடிக்கிற ரகம், உள்ளே அட்டை வைத்தது போல விறைப்பு. மூன்றாவது இலையும் கிளியுமாக அச்சடித்த வழவழத்த துணி, அதற்கும் பட்டைக் காலர்தான். தையலில் குறை சொல்ல மாட்டேன், பையில் இருக்கிற கட்டம் நெஞ்சில் இருக்கிற கட்டத்தோடு கோடு பிசகாமல் சேருகிறது. ஆனால் கழுத்தில் இருக்கிற துவாரம் வழியாக மூச்சு விடுகிற மனிதருக்கு அந்தத் துவாரத்தை மூடுகிற காலராகப் பார்த்து மூன்று எடுத்திருக்கிறாய். ஒன்று என்றால் கவனிக்காமல் எடுத்துவிட்டான் என்று விட்டிருப்பேன். மூன்றும் அப்படி என்றால் அது கவனித்து எடுத்தது. அப்பாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை, பையன் எடுத்த சட்டை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவர் ஓட்டுநர் பள்ளி வேலையை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். குரல்வளை போன பிறகு வண்டிக்குள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா. முன்பலகையில் விரல் முட்டியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கியரை மாற்று, விடாமல் தட்டினால் பயப்படாமல் போ. பள்ளியில் அவருக்குத் தபேலா சார் என்றே பேராகிவிட்டது, அவரும் அதைக் கேட்டுத் தோளைக் குலுக்கிச் சிரிப்பார். முந்தாநாள் காலை அந்தக் கட்டம் போட்ட சட்டையை மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். பெட்ரோல் பங்க் தாண்டினதும் இவர் விடாமல் தட்ட ஆரம்பித்தார். சார் இன்னிக்கு ரொம்ப தைரியம் கொடுக்கறாருன்னு நினைச்சேன் ஆன்ட்டி, அவர் தட்டத் தட்ட நான் மிதிச்சேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். மூச்சு முட்டின மனிதர் உதவிக்குத் தட்டியிருக்கிறார், அவள் பாடம் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டியிருக்கிறாள். தன் பக்கத்து பிரேக்கை இவரே மிதித்ததால் வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் உதடு நீலம். புதுச் சட்டை, பட்டன் துளை இறுக்கம், கழற்ற வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துவிட்டாள். காற்று கொஞ்சம் போனது, அடைப்பு போகவில்லை, விசில் மாதிரிச் சத்தம் வந்துகொண்டே இருந்ததாம். அதே வண்டியில் அவள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள், பின்னால் கற்போர் பலகை தொங்க, வழியெல்லாம் இரண்டாம் கியரிலேயே. அந்தப் பெண்ணுக்கு நீ நன்றி சொல்லி எழுத வேண்டும், எனக்கு அல்ல.

ஏன் மேல் பட்டனைப் போட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவியை ஒரு நாள் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் சிலேட்டில் எழுதினார். பையன் பழகிக்கொள்ளச் சொன்னான் என்று எழுதினார், உடனே அழிக்கவும் செய்தார். அக்கா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தாள். அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன், சொன்னாள். ஒரு வாய் சொன்னதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதியதில்லை, பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதால் அந்தப் பழக்கம் போய்விடாது. அதனால் நீ அவளுக்குப் பேசி அனுப்பின பதிவை வாங்கி நானே கேட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க மொதல் தடவையா பாக்கப் போறாங்க, அந்த ஓட்டையோட அப்பாவக் காட்ட முடியாதுக்கா, மேல் பட்டன் வரைக்கும் போட்டு இப்பவே பழகிக்கச் சொல்லு, மிஷின வெச்சு பேசவும் வேணாம், தலைய ஆட்டினா போதும். உன் குரல்தான். பின்னால் யாரோ காபி வேணுமா என்று கேட்க, சர்க்கரை கம்மியா என்று நீ சொன்னதும் அதிலேயே இருக்கிறது.

ஓட்டை என்கிறாய். அந்த ஓட்டை இருப்பதால்தான் உனக்கு அப்பா இருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன், பெற்ற தகப்பனைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தவனை நானே பெற்றிருக்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று அக்காவிடம் கேட்டேன், அப்பாவுக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறானாம் என்றாள். தொண்டை கொஞ்சம் சரியில்லை என்பது ஐஸ் தண்ணீர் குடித்தவனுக்குச் சொல்கிற வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்லப் பயப்படுகிறவன் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் எதைச் சொல்லப் போகிறாய்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலை படுத்திருங்கள் என்றேன், கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், புதுத் துணி எடுக்க வேண்டுமாம். உன் சட்டையைப் போட முடியாது என்று உனக்கு வருத்தம் வரும், அதற்குள் வேறு எடுத்துவிட்டால் உனக்கு அது பெரிதாகத் தெரியாது என்று அவருக்குக் கணக்கு. அந்த மனிதரின் மனசு அப்படி, எனக்கு அப்படி இல்லை. கடைக்காரர் அவர் கழுத்தைப் பார்த்ததும் காது கேளாதவரிடம் பேசுவது போல, என்ன துணி வேணும் சார் என்று கடை அதிரக் கத்தினார். அப்பா கருவியைக் கழுத்தில் வைத்து, மெதுவாப் பேசு தம்பி, எனக்குத் தொண்டைதான் போச்சு என்றார். அந்தத் தகரக் குரலைக் கேட்டுக் கடைக்காரர் கையிலிருந்த துணிக் கட்டைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் அவரே பொறுமையாக ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்.

எப்படி எடுத்தோம் என்று உனக்கு எழுதுகிறேன், இனி எடுத்தால் இப்படி எடு. நகத்தால் துணியைச் சுரண்டிப் பார்த்தேன், இழை எழும்பினதெல்லாம் தள்ளிவிட்டோம், கிளி பொம்மைத் துணி மாதிரி வழுக்குகிறதும் வேண்டாம், அது வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய, பஞ்சு உதிராத பருத்தி ஒன்று, லினன் ஒன்று. நிறத்தில் எங்களுக்குள் சண்டை. அப்பாவுக்கு வெளிர் நீலம் வெறும் நிறமாக வேண்டும் என்று ஆசை, ஆனால் இருமும்போது துவாரத்திலிருந்து தெறிக்கிற ஈரம் வெறும் நிறத்தில் பளிச்சென்று தெரியும், துடைத்துத் துடைத்து அவரே கூசிப்போவார். பொடிக் கட்டம் என்றால் தெரியாது. கடைசியில் நீலத்திலேயே பொடிக் கட்டம் அகப்பட்டது, இரண்டு பேருக்கும் வெற்றி. லினனில் நெடுக்குக் கோடு எடுத்தார், அது உயரமாகக் காட்டுமாம். இந்த வயதில் யாருக்கு உயரமாகக் காட்ட வேண்டும் என்று கேட்டேன், சம்பந்தி வீட்டுக்கு என்று கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். எனக்கு அங்கேயே உன்மேல் இன்னும் ஒரு மடங்கு எரிச்சல் ஏறியது.

காலர்தான் முக்கியம். நீலத்துக்கு, நெஞ்சின்மேல் மடிந்து விரிந்து படுக்கிற திறந்த காலர், கழுத்தில் பட்டனே கிடையாது. கோடு போட்டதற்கு வழக்கமான காலர், ஆனால் விறைப்பு வைக்காமல். அதில் மேலிருந்து இரண்டாவது பட்டனைத் துளைக்குள் போடாமல் துளையின் மேலேயே வைத்துத் தைத்துவிட வேண்டும். பார்ப்பதற்குப் போட்ட மாதிரி இருக்கும், உள்ளே திறந்திருக்கும், கைக்குட்டையோடு விரல் போகும். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது இது. தையல்காரருக்கு ஏறவில்லை, சட்டைய மூடித் தைக்கவா தெறந்து தைக்கவா, ஒண்ணு சொல்லுங்க, ரெண்டும்னா ரெண்டு சட்டைக்கு கூலி கேப்பேன் என்று முணுமுணுத்தார். அப்பா சாக்கட்டியை வாங்கித் தன் சட்டை மேலேயே இடத்தைக் குறித்துக் காட்டினார்.

நீ அனுப்பிய கருநீலமும் கிளியும் திரும்பி வருகின்றன, நீயே போட்டுக்கொள், மேல் பட்டன் வரைக்கும். கட்டம் போட்டது கிழிந்துவிட்டது.

நேற்று ராத்திரி அப்பா சிலேட்டில் இன்னொன்றும் எழுதினார், நான் வராமல் இருந்தால் அவனுக்குச் சுலபம் என்றால் வரவில்லை என்று. அந்தச் சிலேட்டை நான் இன்னும் துடைக்கவில்லை. அவர் வராத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன், அக்காவும் அதையே சொல்கிறாள், தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நன்றாக இரு, கோபமாக எழுதினாலும் இந்தச் சொல்லை எழுதாமல் விடக் கை வரவில்லை. அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் நன்றாக இருக்கட்டும், அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, கழுத்தை மூடுவதில்தான் நீ தேர்ந்தவனாயிற்றே. மறக்காமல் இதை மட்டும் செய்: வியாழக்கிழமை சட்டை இரண்டும் வந்துவிடும் என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மறுபடி பார்க்கிறார், கருவியில் எவ்வளவு நேரம் பேசலாம் என்று அப்போது சொல்வார். ஞாயிறு காலை நீ கூப்பிடுகிற நேரத்தில் அப்பா திறந்த காலரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தலையை ஆட்டப் போவதில்லை, பேசப் போகிறார். திரையில் உன் பக்கத்தில் அந்தப் பெண் இருப்பாளா, நீ மட்டும் இருப்பாயா என்பது இன்னும் தெரியவில்லை. ஞாயிறு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அம்மா