பச்சை ஒயர்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் தையல் கடையில் மீந்த திரைத்துணியைத் தைத்து எங்கள் ஜன்னலுக்கே போட்டேன். "எங்கள்" என்று எழுதும்போது கை இன்னும் தயங்குகிறது. நாற்பத்தாறு வயதில், இரண்டாம் தடவையாகப் புதுப்பெண்.

அவர் தரையில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பழகிய விரல்கள், ஸ்க்ரூடிரைவரைக்கூட மெத்தென்று பிடிக்கின்றன. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி அவரே மாட்டியிருக்கிறார். அதிலிருந்து பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல்.

சாயங்காலம் கூப்பிட்டார். "பச்சை ஒயரக் கழட்டி விட்டுட்டேன். இப்பக் கேளு."

இரைச்சல் போயிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசிய நீளமான பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 17

அக்கா போனில்: "குடிக்கிறாரா?"
"இல்ல."
"சண்டை?"
"இல்லக்கா. பாட்டுக் கேக்குறார்."
"பேசாத புருஷன் கிடைக்கிறதெல்லாம் வரம்டி."

வரம்தான். எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிற வரம்.

பிப்ரவரி 23

தூசி தட்டும்போது ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் விரல் பட்டது. எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன். அதே. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, புதுத் திரை வழியாக வெயில் மஞ்சளாகத் தரையில் கிடந்தது. பாட்டே தகரத்தில் ஊர்ந்து விரலுக்கு வருகிறதோ? கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்பது இதைத்தானோ?

அவரிடம் சொல்லவில்லை. எனக்கென்று ஒன்று இருக்கட்டும்.

மார்ச் 1

இன்றும் தொட்டேன். பைத்தியம்.

மார்ச் 8

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

கூடத்தைத் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, அதே ஈரத்துணியால் பெட்டியையும் துடைக்கப் போனேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கித் தூக்கிப் போட்ட மாதிரி - சுவரில் போய் மோதினேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடுது.

அவர் ஓடி வந்தார். என்னிடம் இல்லை, மெயின் சுவிட்சுக்கு. அந்த நொடியில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அணைத்தபிறகுதான் என்னைத் தொட்டார். அதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. அப்போ யாருக்குத் தெரிஞ்சுது?

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அடிச்சிருக்கா?"
"லேசா. எறும்பு ஊர்ற மாதிரி."
"ஏம்மா சொல்லல?"
"நல்லா இருந்துச்சு."

சொல்லியே விட்டேன். செருப்பை எடுத்து என் காலருகே வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் ஒழுங்காக இருக்கிறது என்றார் டாக்டர். மெஷின் ஓடி முடியும்வரை இவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

மார்ச் 9

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். ஆனாலும் கையை உள்ளே விடவில்லை. டப்பா டப்பாவாக நின்ற கெப்பாசிட்டர்களைக் காட்டி, "பிடுங்கினாலும் இதுங்க கரண்ட்ட வச்சிருக்கும்" என்றார். அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் தொட்டார்.

மின்சார ஒயர் உள்ளே போக அவரே போட்ட ஓட்டை. விளிம்பைத் தேய்க்கவில்லை, ரப்பர் வளையம் போடவில்லை. தகரம் ஒயரின் தோலை அறுத்து, செம்பு பளபளவென்று பெட்டியில் உரசிக்கொண்டிருந்தது.

"பச்சை ஒயர்தான் எர்த். அது இருந்திருந்தா, பட்ட உடனே ஃப்யூஸ் போயிருக்கும். இரைச்சல் பிடிக்கலன்னு நான்தான்..."

முடிக்கவில்லை. கையிலிருந்து விழுந்த திருகாணியைக் குனிந்து எடுக்கவும் இல்லை. மத்தியானமே பெட்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் 13

வீடு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருக்கிறது. அவர் அதே நாற்காலியில், கண்ணைத் திறந்துகொண்டு. எங்கே பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு திரைத்துணியில் மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"கடைசியில அவளுக்கு ராப்பகலா மூச்சு மெஷின் ஓடுச்சு. இதே இரைச்சல்தான். நின்னப்புறம் வீட்ல சத்தமே இல்ல. அதையும் தாங்க முடியல. அதான் பாட்டு."

முதல் மனைவியைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாரோ என்று குனிந்தபடியே தைத்தேன். பிறகு பார்த்தால், திரையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

மார்ச் 20

அவளுக்கு மழை பிடிக்குமாம். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்.

மார்ச் 29

பெட்டியை மெக்கானிக்கே கொண்டுவந்து மாட்டினார். பச்சை ஒயர் அதன் இடத்தில். ரப்பர் வளையம், சரியான ஃப்யூஸ் எல்லாம் போட்டிருக்கிறார். இரைச்சலுக்குக் காரணம் பெட்டியோடு இணைத்திருந்த டிவி கேபிளாம். அதைச் சரிசெய்ததில் பாதிக்குமேல் போய்விட்டது, மிச்சம் கொஞ்சம் இருக்கும் என்றார். இருக்கத்தான் செய்கிறது. இவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "இருக்கட்டும்" என்றார்.

பாட்டுப் போட்டார். பாதியில் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன ஆச்சு?"

"சொல்ல மறந்துட்டேன். காலைல கடையில ஒருத்தர் புதுக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, பழசையே குடுங்கன்னார். ஏன் சார்னு கேட்டா, 'புதுசுல என் பொண்டாட்டி முறைக்கிறது தெளிவாத் தெரியுது'ங்கிறார்."

வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தேன். அந்த ஆள் முறைத்துக் காட்டிய மாதிரியே அவரும் செய்து காட்டினார். அப்படியே கடைக்கதை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

சத்தத்தைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டார். பாட்டு எப்போது முடிந்தது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.